பல்லால் கேட்ட ஆம்ப்ரோஸ்

ஆம்ப்ரோஸை முதன்முதலாகப் பார்க்கிறவன் போலீசைக் கூப்பிடலாமா, டாக்டரைக் கூப்பிடலாமா என்றுதான் யோசிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, நடு ரோட்டில் முட்டிபோட்டு, நாலடி நீள இரும்புக் கம்பி ஒன்றைக் கடித்துக்கொண்டிருப்பார். கம்பியின் மறுமுனை தரைக்குள் இருக்கும் வால்வின் தலையில் ஊன்றியிருக்கும். கண் இரண்டும் மூடியிருக்கும். பக்கத்தில் போய் என்ன ஏது என்று கேட்டால், சும்மா இரு என்று கையை மட்டும் ஆட்டுவார்.

அதுதான் அவர் வேலை. தண்ணி இலாகாவில் கசிவு கண்டுபிடிக்கிற ஆள். பூமிக்குள் போகும் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று மேலே இருந்தபடி சொல்ல வேண்டும். நானும் அதே இலாகாதான். குழாயும் குழாயும் சேருமிடத்தில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி, உளி வைத்துச் சுற்றிலும் அடித்து இறுக்குகிற ஜாயிண்ட்காரன். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தால் அவருக்கு வேலையே இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மற்றவர்கள் கம்பியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஆம்ப்ரோஸுக்குக் காது பஸ்ராவில் போய்விட்டது. முதல் உலகச் சண்டையில் பட்டாளத்துக்குக் குழாய் போடப் போனவர், பீரங்கி வரிசைக்குப் பக்கத்தில் ஒன்றரை வருஷம் கிடந்தார். திரும்பி வந்தபோது கை கால் எல்லாம் வந்தது, காது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இதை இலாகாவில் சொன்னால் வேலை கிடைக்குமா? "பஸ்ராவில வெள்ளைக்காரன் பல்லாலதான் சார் கேப்பான், அதுதான் புது முறை" என்று அளந்துவிட்டார். இலாகா நம்பியது. வேடிக்கை என்னவென்றால், அது பொய்யாகவும் போகவில்லை. ஓடும் தண்ணீரின் அதிர்வு கம்பியில் ஏறிப் பல் வழியாகத் தாடைக்குள் இறங்கிவிடும். இத்தனை வருஷத்தில் அவர் காட்டிய இடத்தில் தோண்டி வெறுங்குழியாகப் போனது ஒன்றுகூட இல்லை.

காது போனதில் அவருக்கு வசதியும் இருந்தது. மனைவி ஜோசஃபின் இரண்டடி தூரத்திலிருந்து கத்தினால் விழாது. எதிர்வாடையில் எவனாவது சாராயம் என்று வாயை அசைத்தால் போதும், "எங்க?" என்பார். உதட்டைப் படிப்பதில் மன்னன்.

ஞாயிறு எட்டு மணிக்கு ஏன் என்றால், அப்போதுதான் பெங்களூர் காக்ஸ் டவுனைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு குடம்கூட நிறையாது. சனம் முழுக்க மாதா கோயிலுக்குப் பூசை காணப் போயிருக்கும். குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால், அது திருட்டு ஓட்டம். ஆம்ப்ரோஸும் வேதக்காரர்தான், ஆனால் எட்டு மணிப் பூசை கண்டு வருஷக்கணக்காகிறது.

"பூசை மணி அடிக்கிறப்போ நானும் முட்டிபோட்டுக்கினுதான் கீறேன். ரோட்டுல கீறேன், அவ்வளவுதான்" என்பார்.

ஜோசஃபினிடம் இதைச் சொல்ல முடியுமா? கோயிலில் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். "கடைசி வரிசைல நின்னேன்" என்று அவளிடம் புளுகுவார். அவள் லேசுப்பட்டவள் இல்லை. மட்டன் குழம்பை அடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "இன்னைக்கிச் சாமியார் இன்னா பிரசங்கம் வெச்சாரு?" என்று கேட்பாள். இவர் முழிப்பார். மத்தியானம் ரசம்தான். அந்த வீட்டில் மட்டன் வெந்த ஞாயிறுகள் அதிகம், ஆம்ப்ரோஸ் மட்டன் தின்ற ஞாயிறுகள் குறைவு.

அவர்கள் இருந்தது சாந்தப்பா சந்தில். முப்பத்தெட்டு வீடு, முனையில் ஒரே ஒரு தெருக்குழாய். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். விடிவதற்குள் போய் நிற்க யாருக்கு நேரம்? ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். கல் இருக்கும் இடம்தான் ஆள் இருக்கும் இடம். ஜோசஃபினுடையது உடைந்த அம்மியின் பாதி. அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். கனமும் ஒரு காரணம், அவள் வாய் இன்னொரு காரணம்.

முப்பத்துநாலாம் வருஷம், மாசி வெயிலில், இந்தக் குழாய்க்கு ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் கஸ்தூரிரங்கன். புது ஓவர்சியர். மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிளில் வருவார், நெற்றியில் நாமம், கையில் நோட்டு. கெட்டவர் இல்லை. ஒன்றைத் தானே பார்க்காமல் நம்ப மாட்டார், அது ஒரு வியாதி. சந்துக்குப் பிரியும் குழாயில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வீட்டுக்கு ஓட வேண்டியதைப்போல் மூன்று பங்கு ஓடியிருந்தது. தெருக்குழாயைப் பூட்டிவிட்டுப் பார்த்தார், அப்போதும் முள் ஓடியது.

"சந்துக்குள்ள யாரோ திருட்டுக் குழாய் போட்டிருக்கா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை காலமே தெருக்குழாயக் கழட்டிடுவோம். எல்லாரும் ரயில்வே கேட் குழாய்க்குப் போய்க்கோங்கோ."

ரயில்வே கேட் முக்கால் மைல். ஜோசஃபின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"திருட்டுக் குழாய் இருந்தா நான் ஏன் சாமி அர அம்மிய இட்டாந்து வரிசைல வெக்கிறேன்? வேண்டுதலா?"

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

"மீட்டருக்கு அந்தாண்ட மண்ணு கீது. அதைக் கேட்டீங்களா? சும்னே வந்து கொழாயக் கழட்டுறேன்னா?"

ஓவர்சியர் குழாய்க் கம்பத்தில் நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார். அது புதன்கிழமை.

ஆம்ப்ரோஸ் அதற்கு முந்திய ஞாயிறே கசிவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சொல்லாததற்குக் காரணம் அது இருந்த இடம். சந்து முனையிலிருந்து நாற்பது கஜத்தில் ஓஸ்வால்ட் ஐயா பங்களா. ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர், தலைமை இன்ஜினீயரோடு சீட்டு விளையாடுகிறவர். அவர் தோட்டத்து டேலியாப் பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. மூன்று வருஷமாகப் பூக்கண்காட்சியில் கோப்பை அவருக்குத்தான். ரகசியம் கேட்டால், "எலும்புத் தூள், மீன் கழுவுன தண்ணி, வெடியக்காலம் செடி முன்னாடி நின்னு பைபிள்லேர்ந்து ஒரு சங்கீதம்" என்பார். ஊர் காய்ந்து கிடக்கும் மாசியில் அந்த ஒரு மதிலோரம் மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் குழாய் போட்டபோது அந்த இடம் ரோடு. பிறகு ஐயா மதில் கட்டினார், கட்டும்போது ரோட்டில் மூன்றடியை உள்ளே இழுத்துக்கொண்டார். அதோடு சேர்ந்து குழாயும் உள்ளே போய்விட்டது.

நோட்டீசைப் பார்த்துவிட்டு ஆம்ப்ரோஸ் மதில் பக்கமாகத் தலையை ஆட்டியபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வரிசை ஜாயிண்ட் முழுக்க நான் அடித்தது. அதிலும் கடைசி ஜாயிண்ட் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று மைதானத்தில் ஃபுட்பால், பட்டாளத்து டீமோடு நம் ஆட்கள். ஜாயிண்டுக்கு அடியில் கை போகிற அளவுக்குக் குழி ஆழமாக வெட்டினால்தான் அடிவயிற்றிலும் உளி வைத்து அடிக்க முடியும். நான் வெட்டவில்லை. மேலே அடித்தேன், பக்கத்தில் அடித்தேன், அடியில் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினேன். நம் ஆட்கள் மூன்று கோலில் தோற்றார்கள். இலாகாவில் ஒரு சட்டம் உண்டு, ஜாயிண்ட் அடித்தவன் ஈயத்தில் தன் குறியை உளியால் பதிக்க வேண்டும். என் குறி மூன்று புள்ளி. ஓடுகிற அவசரத்திலும் அதைப் பதித்துவிட்டுத்தான் ஓடியிருந்தேன், புத்தி பாருங்கள்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஓவர்சியரிடம் போனோம். ஆம்ப்ரோஸ் விஷயத்தைச் சொன்னார்.

"ஓஸ்வால்ட் மதிலத் தோண்டறதா?" கஸ்தூரிரங்கன் நோட்டை மூடிவிட்டார். "ஒன் பல்லு சொல்றதுன்னு இன்ஜினீயர் சிநேகிதர் தோட்டத்துல நான் கை வெக்கணுமா? நான் காதால கேக்காம உத்தரவு போட மாட்டேன்."

"நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க சார். சனம் பூசைக்குப் போயிரும். கேளுங்க."

வெளியே வந்ததும் ஆம்ப்ரோஸ் என் முதுகில் தட்டினார். "சிரிலு, நாளைக்கு ஈய அடுப்பையும் கரியையும் தள்ளிக்கினு வா."

"ஈயம் எதுக்கு? திரும்ப அடிச்சா போதுமே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டார். அது யார் அடித்த ஜாயிண்ட் என்பதையும் சேர்த்து.

"ஈயத்துக்கு இல்லடா. எடுத்துக்கினு வா, சொல்றேன்."

ஞாயிறு எட்டு மணி. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. சந்தில் ஒரு நாயும் நாங்கள் மூன்று பேரும். தெருக்குழாயைப் பூட்டியாகிவிட்டது. ஆம்ப்ரோஸ் மதிலோரம் இருந்த வால்வில் கம்பியை ஊன்றி, கடித்து, கண்ணை மூடித் திறந்தார். "கீது சார். பேஜாராக் கத்துது."

கஸ்தூரிரங்கன் குனிந்து காதை வைத்தார். அந்தக் காது, இந்தக் காது. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மறுபடியும். எங்கோ ஒரு ஜட்கா போனது. "ஒண்ணும் கேக்கலயே. சக்கரச் சத்தம்தான் கேக்கறது."

"காதுக்குப் பழக்கம் வேணும் சார். பல்லுக்கு வேணாம். கடிங்க."

ஓவர்சியர் கம்பியைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக ஆம்ப்ரோஸ் கடித்த கம்பி. நுனியில் பல் பதிந்த பள்ளமே இருந்தது. மட்டன், வெற்றிலை, சில சாயங்காலங்களில் வேறு சங்கதிகள் எல்லாம் கண்ட வாய் அது.

"எச்சலோன்னோ?" என்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"ஆமா சார்."

"துணி சுத்திண்டு..."

"துணி சுத்துனா சத்தம் வராது சார்."

"அப்போ முடியாது. நாளைக்குக் குழாயக் கழட்ட வேண்டியதுதான்." சொல்லிவிட்டாரே தவிர அவரால் கிளம்பவும் முடியவில்லை. கேட்காமல் கழற்றுவதும் அவர் வியாதிக்கு ஒத்துவராது.

ஆம்ப்ரோஸ் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, அதுதான் அவர் சிரிப்பு. "சிரிலு, அடுப்பு மூட்டு. சார், நெருப்புக்கு எச்சில் உண்டா?"

கஸ்தூரிரங்கன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். நான் அதற்குள் கரியைப் பற்றவைத்து ஊதிவிட்டேன். "அக்னிக்கு தோஷம் இல்லைதான்" என்றார் கடைசியில், யாரோ அவரைக் குறுக்கு விசாரணை செய்வதைப்போல.

கம்பி நுனியை அடுப்பில் செருகினேன். செக்கச் செவேலென்று ஆனதும் எடுத்தேன். "இன்னொரு வாட்டி" என்றார் ஓவர்சியர். மறுபடியும் காய்ச்சினேன். மூன்றாவது தடவையும் காய்ச்ச வைத்தார். பிறகு தெருக்குழாயைத் திறக்கச் சொல்லி, ஓடுகிற தண்ணீரில் தானே பிடித்து ஆறவைத்து, பூட்டச் சொல்லி, கிழக்கே பார்த்து நின்று என்னவோ முணுமுணுத்துவிட்டு, முட்டிபோட்டுக் கடித்தார்.

முதலில் முகம் சுளித்தது. அப்புறம் புருவம் ஏறியது. ஏறினது இறங்கவே இல்லை. கம்பியை விடாமலே ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆம்ப்ரோஸுக்குப் புரிந்தது.

"கடுகு தாளிக்கிற மாதிரி கேக்குதாம்" என்று எனக்கு மொழிபெயர்த்தார்.

ஒரு தடவையோடு விட்டாரா மனிதர்? கம்பியைத் தூக்கிக்கொண்டு மதிலோரமாகத் தவழ்ந்தார். மண்ணில் ஊன்றி ஒரு கடி, நாலடி தள்ளி ஒரு கடி. "இங்க ஜாஸ்தி! இங்க இன்னும் ஜாஸ்தி!" வேட்டியெல்லாம் செம்மண். திருவிழாவில் பீப்பீ வாங்கிய பையன் தோற்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓஸ்வால்ட் ஐயாவும் அவர் மனைவி பியாட்ரிஸ் அம்மாவும் தங்கள் புராட்டஸ்டண்ட் கோயில் முடிந்து வந்தார்கள். தம் மதிலடியில் ஓர் ஐயங்கார் நாலு காலில் நின்று இரும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஐயா பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வாட் இஸ் திஸ்? இன்னாய்யா நடக்குது இங்க?"

"ஓங்க தோட்டத்துக்கடியில எங்க குழாய் ஒழுகறது சார்" என்றார் கஸ்தூரிரங்கன், கம்பியை எடுத்துவிட்டு. "கேக்கறேளா? ஜோரா இருக்கு."

"நான்சென்ஸ். வெள்ளிக்கிழமை ஷோ. ஒரு மண்வெட்டி என் டேலியாமேல பட்டுதோ, இன்ஜினீயர்கிட்ட போவேன்."

"போங்கோ. போறச்சே மதில் எந்த வருஷம் கட்டினேள்னும் அவர்கிட்ட சொல்லிடுங்கோ. ரோட்டுக்குழாய் தோட்டத்துக்குள்ள எப்படி வந்ததுன்னு அவரும் கேப்பார்."

பியாட்ரிஸ் அம்மா மதிலையும் டேலியாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்போ மூணு வருஷமா என் வீடு மீன் மார்க்கெட்டு மாதிரி நாறுனது சும்மாவா? தண்ணி இவங்க குடுத்தாங்களா? சங்கீதம் வேற!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"தண்ணியால மட்டும் கோப்பை வருமா? அப்படின்னா சாக்கடைக்குத்தான் குடுத்திருக்கணும் கோப்பை" என்றார் ஐயா. நியாயமான பேச்சுதான். இன்றைக்கும் அதற்கு எனக்குப் பதில் தெரியாது.

ஆம்ப்ரோஸ் நடுவில் புகுந்தார். "ஐயா, பூவத் தொட மாட்டோம். ரோட்டுப் பக்கம் தோண்டி, மதிலுக்கு அடியில பூந்து வேலைய முடிக்கிறோம். வெள்ளிக்கிழமை நீங்க கோப்பைய வாங்கிக்கினு வாங்க." ஐயா மதிலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார்.

வால்வை மூடிவிட்டுத் தோண்டினோம். பூசை விட்டு வந்த சந்து ஆட்களும் மண்வெட்டி பிடித்தார்கள். நாலடியில் சேறு, ஐந்தடியில் குழாய். ஆம்ப்ரோஸ் முதலில் குழிக்குள் இறங்கினார், பின்னாலேயே நான். ஜாயிண்டின் அடிவயிற்றில் ஈயம் விரிந்து விரல் நுழைகிற இடைவெளி. மேலே சேற்றைத் துடைத்தால், மூன்று புள்ளி. புதிதாகக் குத்தியதுபோல் பளபளவென்று.

மேலேயிருந்து கஸ்தூரிரங்கன் எட்டிப் பார்த்தார். "யார் குறி இருக்கு? பார்த்துச் சொல்லு."

நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆம்ப்ரோஸுக்குக் காது கேட்காதே, அதனால் பதிலும் சொல்லவில்லை. உளியை எடுத்து, சேற்றைச் சுரண்டுகிற மாதிரி, வறக் வறக்கென்று இரண்டு இழுப்பு. ஈயச் சீவல் என் கால்மேல் விழுந்தது.

"ஆம்ப்ரோஸ்! குறி யாருதுன்னேன்!"

"ஆங்? குறியா சார்? தேஞ்சி போச்சி" என்றார், இப்போதுதான் நிமிர்ந்து அவர் உதட்டைப் பார்க்கிறவர் போல.

"எட்டு வருஷத்துல ஈயம் தேயுமோ?"

"தண்ணி பொல்லாதது சார்."

ஓவர்சியர் என் முகத்தைப் பார்த்தார். என் முகமும் ஈயம்போலத்தான் இருந்திருக்கும். "சரி, அடிக்கறவன் இந்தத் தடவை அடியிலயும் அடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நான் சேற்றில் மல்லாக்கப் படுத்து ஒரு மணி நேரம் அடித்தேன். அப்படி ஒரு ஜாயிண்ட் இந்த ஊரில் எங்கும் கிடையாது. பூகம்பம் வந்தால் பெங்களூர் போகும், அது நிற்கும்.

தெருக்குழாயைப் பூட்டி வைத்துக்கொண்டே வால்வைத் திறந்தோம். மீட்டர் முள் அசையவில்லை. கஸ்தூரிரங்கன் கால் மணி நேரம் அதையே முறைத்துவிட்டு, கம்பத்து நோட்டீசைத் தன் கையாலேயே கிழித்தார். ஜோசஃபின் அவருக்கு ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவர் தயங்கினார். "காய்ச்சணுமா சாமி? அடுப்பு எரிஞ்சிக்கினுதான் கீது" என்றாள். சந்தே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார்.

அன்று பூசைக்குப் போகாததை ஜோசஃபின் மன்னித்தாள். அந்த ஒரு ஞாயிறுக்கு மட்டும்.

மறுநாள் ஆம்ப்ரோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு புள்ளிக்கு இன்னா குடுக்கிற?"

"இன்னா வேணும் சொல்லுண்ணா."

"நீ எட்டு மணிப் பூசைக்குப் போ. வாராவாரம். முன்னால உக்காரு. பிரசங்கத்தக் கேட்டு வந்து எனக்குச் சொல்லு. மட்டன் தின்னு எத்தினி நாளாச்சி தெரியுமா?"

கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காதவன் நான். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. பூசை முடிந்ததும் சந்து முனைக்கு வந்து, அவருக்கு உதடு தெரியும்படி நின்று, சாமியார் சொன்னதை ஒப்பிப்பேன். அவர் வீட்டுக்குப் போய் ஜோசஃபினிடம் ஒப்பிப்பார். மட்டன் வரும். எனக்கு ஒரு துண்டு உண்டா என்றால், கிடையாது. சாமியார் என் மனமாற்றத்தைப் பற்றி இரண்டு முறை பிரசங்கம் வைத்தார். அதையும் நானே வந்து ஒப்பிக்க வேண்டியிருந்தது.

ஓஸ்வால்ட் ஐயா அந்த வெள்ளிக்கிழமை நாலாவது கோப்பையை வாங்கினார், மொட்டெல்லாம் ஏற்கெனவே விரிந்திருந்ததே. அடுத்த வருஷம் டேலியா பூவரசம் பூ அளவுக்கு இறங்கிவிட்டது. மண் களைத்துப் போச்சு என்றார். ஆனாலும் மனிதர் விடவில்லை. பூவாளியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்குழாய்க்கே வர ஆரம்பித்தார். பாத்தி ஓரத்துச் சுண்ணாம்பு அடித்த செங்கல் ஒன்றைக் கல் வரிசையில் வைப்பார். முதல் நாள் அதைக் கொண்டுபோய் வரிசைக்கு முன்னால் வைத்தார். ஜோசஃபின் காலால் நகர்த்தித் தன் அரை அம்மிக்குப் பின்னால் தள்ளினாள். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிறு நான் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். நம் வேலைக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, அதையும் முன்வரிசையில் விறைத்து உட்கார்ந்து கழித்தால் எந்த உடம்பு தாங்கும்? வெளியே வந்ததும், காணாமல் போன ஆட்டைப் பற்றி ஒரு பிரசங்கத்தை நானே கட்டி ஆம்ப்ரோஸிடம் ஒப்பித்துவிட்டேன். மட்டனும் கிடைத்ததாகச் சொன்னார்.

மறுநாள் காலை குழாயடியில் ஜோசஃபின் குடத்தை நிமிர்த்திக்கொண்டே, ஓஸ்வால்ட் ஐயாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சிரிலு, ஆடு நல்லா இருந்திச்சி. சாமியார் நேத்து களவப் பத்தில்ல பேசினாரு? முன்வரிசைல நீ கொறட்ட வுட்டது பொம்பிளைங்க பக்கம் வரைக்கும் கேட்டுது."

"அப்புறம் ஏன்க்கா அவருக்கு மட்டன் போட்ட?"

"பத்து வருஷமா தெரிஞ்சேதான் போட்டுக்கினு வரேன்" என்றாள். "கொழாயில தண்ணி வருதுல்ல? தள்ளு, ஐயாவோட செங்கல்லு காத்துக்கினு கீது."